நூற்று நாற்பது பழனி

டெம்போவிலிருந்து முதல் ஐஸ் பாரை இறக்கி வேப்பமரத்தடியில் சாக்கின் மேல் வைத்துவிட்டு, அடுத்ததற்குக் கை நீட்டும்போது உள்ளே போன் அடித்தது. வெள்ளியங்கிரி கையில் ஒட்டியிருந்த மரத்தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டே ஓடினான்.

கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். விடிகாலை நாலு மணிக்கு மாரியாத்தாளின் உயிர் போயிருந்தது. அவள் காலைச் சுற்றிக்கொண்டுதான் போன் மேசைக்குப் போக வேண்டும். செத்த பிறகும் சின்ன மகனின் போனுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொண்டாளே என்று அந்த அவசரத்திலும் அவனுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்படவும் நேரமில்லை.

போனில் தம்பி கிருபாசங்கர்தான். சிகாகோவிலிருந்து பேசினான். நாலரை மணிக்கு வெள்ளியங்கிரி கூப்பிட்டுச் சொன்னபோது ஓவென்று அழுதவன், இப்போது குரலை அடக்கிக்கொண்டு அவசரமாகப் பேசினான்.

"அண்ணா, டிக்கெட் கெடச்சிருச்சுங்கண்ணா. இன்னிக்கு ராத்திரி ஒம்பது மணிக்கு ஏறறேன்."

"செரி கண்ணு."

"மொத்தம் இருவத்தஞ்சு மணி நேரமாகுங்கண்ணா. லண்டன், அப்பறம் பம்பாய், அங்கிருந்து நம்ம கோயமுத்தூரு. நான் வந்து மூஞ்சியப் பாக்கற வரைக்கும்..."

அதற்குள் கொர்ரென்று சத்தம் வந்து லைன் அறுந்துவிட்டது. வெள்ளியங்கிரி இரண்டு தடவை "அலோ" என்று கத்திப் பார்த்துவிட்டு ரிசீவரை வைத்தான்.

வாசலில் சித்தப்பா பாலுசாமி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பங்காளிகளில் இப்போது அவர்தான் மூத்தவர். கல்யாணமானாலும் கருமாதியானாலும் அவர் வாயிலிருந்து வருவதுதான் முடிவு. டெம்போக்காரன் மீதி ஐஸை இறக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னப்பா சொல்றான் சின்னவன்? எப்ப வாரானாமா?"

வெள்ளியங்கிரி விரல் விட்டுக் கணக்குப் போட்டான். "இன்னிக்கு ராத்திரி ஒம்பதுக்கு ஏறறானாமாங்க. இருவத்தஞ்சு மணி நேரமாமா. நாளைக்கு ராத்திரி பத்து மணியாயிருமுங்க ஊடு வந்து சேர."

சித்தப்பா கண்ணை மூடி யோசித்தார். "இன்னிக்கு பொதன். நாளைக்கு ராத்திரி அவன் வந்தா, வெள்ளிக்கெழமைதான் எடுக்கோணும். வெள்ளிக்கெழமை நம்மூட்டுல பொணம் எடுக்கற வழக்கமில்ல. அதுக்கும் மறுநா சனி. சனியில எடுத்தா பாடையில கோழி கட்டோணும். அத்தன நாளு போட்டு வெக்கறதாப்பா அவள? ஒரு ராத்திரின்னா ஐஸ்ல வெச்சுப் பாக்கலாம். மூணு ராத்திரி ஆகாது. இன்னிக்கே பொழுது உழுவறதுக்குள்ள எடுத்துப்போடலாம்."

"அப்ப கொள்ளி?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

சித்தப்பா வெள்ளியங்கிரியைப் பார்த்தார். "சின்னவன் இல்லாதப்ப பெரியவன்தான் வெக்கோணும். வேற யாரு வெப்பா?"

அவர்கள் வீட்டு வழக்கம் அது. அப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும், அம்மாவுக்கு இளையவன். வெள்ளியங்கிரி பதினெட்டு வயதில் அப்பாவுக்கு வைத்தாகிவிட்டது. அவன் பங்கு அதோடு தீர்ந்தது. அம்மா அன்றிலிருந்தே கிருபாசங்கரின் பங்கு. அந்தப் பங்கு இப்படித் தன் கைக்குத் திரும்பும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ குபுக்கென்று பொங்கியது. அது துக்கம் இல்லை என்று அவனுக்கே தெரிந்ததால் தலையைக் குனிந்துகொண்டான்.

டெம்போக்காரன் மீதி ஐஸைத் திருப்பிக் கொண்டுபோனான். இறக்கியதை மட்டும் எடுக்க மாட்டேன் என்றுவிட்டான். அந்த ஒற்றைப் பார் வேப்பமரத்தடியில் சாக்கின் மேல் கிடந்தது.

மூத்தவன் பிறந்தபோது மலையேறிக் கும்பிட்ட சாமியின் பேரை வைத்தார்கள். ஆறு வருஷம் கழித்து இளையவன் பிறந்தபோது, பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கேட்டு, சுற்று வட்டாரத்தில் எவனுக்கும் இல்லாத பேராகப் பார்த்துக் கிருபாசங்கர் என்று வைத்தார்கள். பேரிலேயே ஓரவஞ்சனை தொடங்கிவிட்டது என்று வெள்ளியங்கிரி சொல்வான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். அது சிரிப்பில்லை என்பது அவன் மனைவி ராமாத்தாளுக்கு மட்டும் தெரியும்.

அப்பா போன பிறகு படிப்பை விட்டுத் தறிக் கொட்டகையில் நின்றவன் அவன். தம்பியைப் பீளமேட்டில் இன்ஜினியரிங் படிக்க வைத்தவன் அவன். தம்பி படித்து முடித்ததும் அமெரிக்காவில் வேலை கிடைத்தது. புறப்படுகிற அன்று அம்மா கேட்டாள், "எத்தன தூரம் கண்ணு அது?"

"எட்டாயிரத்து அறுநூறு மைல்மா."

அம்மாவுக்கு மைல் கணக்கு ஏறவில்லை. அவள் வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவள். "பழனிய வெச்சுச் சொல்லு" என்றாள்.

சூலூரிலிருந்து பழனி அறுபது மைல் இருக்கும் என்று வைத்துக்கொண்டு அவன் மனசுக்குள்ளேயே வகுத்துச் சொன்னான். "நூத்தி நாப்பது பழனிம்மா."

அவ்வளவுதான். அன்றிலிருந்து மாரியாத்தாளின் வாயில் அது மந்திரமாகிவிட்டது. கல்யாண வீட்டில், மாரியம்மன் கோயில் வாசலில், அவிநாசித் தேருக்குப் போகிற பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்தவளிடமெல்லாம் அதைத்தான் சொல்வாள். "எஞ்சின்னவன் நூத்தி நாப்பது பழனி தள்ளி இருக்கறானுங்க. பழனி போறதுக்கே நமக்கு மூணு நாளாகுது. அவன் அத்தன பழனியையும் ஒரே நாள்ல தாண்டி வந்து நிப்பான்." கேட்டுக் கேட்டு ஊருக்கே காது புளித்துப் போனது. அவளுக்கு மட்டும் புளிக்கவில்லை.

எட்டுத் தறி ஓடும் கொட்டகையிலிருந்து அம்மாவின் கட்டிலுக்கு முப்பதடி தூரம் இருக்கும். இடுப்பு எலும்பு முறிந்து அவள் படுத்த இந்த ஒரு வருஷத்தில் அதை வெள்ளியங்கிரி எத்தனை தடவை நடந்திருப்பான் என்று யாரும் பழனிக் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. தூக்கி உட்கார வைத்தது, பீ மூத்திரம் அள்ளியது, முதுகில் புண் வராமல் பவுடர் போட்டது எல்லாம் அவனும் ராமாத்தாளும்தான். போனில் ஐந்து நிமிஷம் பேசுகிறவனுக்குத்தான் அம்மாவின் முகத்தில் வெளிச்சம் வரும். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று வாரம் வந்து இருப்பான். அந்த மூன்று வாரமும் வீட்டில் ஒரு சேவல் மிஞ்சாது.

போன தீபாவளிக்குச் சித்தப்பாவை வைத்துக்கொண்டே அவள் சொன்னாள், "எனக்குச் சின்னவன்தான் கொள்ளி போடோணும். எத்தன நேரமானாலும் வெச்சிருங்க. அவன் ஒரு நாள்ல வந்துருவான்." வெள்ளியங்கிரி அப்போது அவள் காலைத்தான் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். கை நிற்கவில்லை. மனசு மட்டும் அங்கேயே நின்றுபோனது.

நேற்று ராத்திரி கடைசியாகக் கண்ணைத் திறந்து, "சின்னவன் எங்க வந்திருக்கான்?" என்று கேட்டாள். தம்பிக்கு இன்னும் சொல்லவே இல்லை. அவன் புறப்படவே இல்லை. ஆனாலும் வெள்ளியங்கிரி, "பம்பாய் வந்துட்டானாம்மா" என்றான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு அவன் ஊட்டிய இரண்டு மிடறு தண்ணீரைக் குடித்தாள். தண்ணீர் அவனுடையது, சிரிப்பு தம்பியுடையது. வயிறு எரிந்தது.

பகல் பதினொன்றரை இருக்கும். பெண்கள் கூடத்தில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒப்பாரியிலும் கடல் கடந்து போன மகன்தான் வந்தான். பக்கத்தில் இருந்த மகனுக்கு அதில் ஒரு வரி கூட இல்லை. ஒப்பாரியில் இடம் பிடிக்க வேண்டுமென்றால் விமானம் ஏற வேண்டும் போலிருக்கிறது என்று வெள்ளியங்கிரி நினைத்துக்கொண்டிருந்தபோது மறுபடி போன் அடித்தது.

"மாமா, நான் மதிவதனிங்க." தம்பியின் மனைவி. குரல் தூக்கத்துக்கும் அழுகைக்கும் நடுவில் இருந்தது. "அவரு நல்லபடியா ஏறிட்டாருங்க. சொல்லலாம்னுதான் கூப்புட்டேன்."

"ஏறிட்டானா? ராத்திரி ஒம்பதுக்குன்னானே?"

"ஆமாங்க, ஒம்பதுக்கேதான் ஏறுனாரு. மூணு மணி நேரமாச்சுங்க. இங்க இப்ப நடுராத்திரி. இந்நேரம் கடலுக்கு மேல இருப்பாரு. நாளைக்குக் காலையில ஒம்பதரைக்கெல்லாம் கோயமுத்தூர்ல எறங்கிருவாருங்க."

வெள்ளியங்கிரி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான். தம்பி சொன்ன இன்றைய ராத்திரி, அவன் ஊர் ராத்திரி. இங்கே புதன்கிழமை விடிந்துகொண்டிருந்தபோது அங்கே செவ்வாய்க்கிழமையே முடிந்திருக்கவில்லை. இங்கே விடிந்தால் அங்கே இருட்டும் என்பது எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்குக்கூடத் தெரியும். வெள்ளியங்கிரிக்கும் தெரியும்தான். காலையில் அந்த அவசரத்தில் இரண்டு ராத்திரியையும் ஒரே ராத்திரியாக்கிவிட்டான்.

"மாமா? அத்தைய அதுவரைக்கும் வெச்சிருப்பீங்கல்லீங்க? ஒரு ராத்திரிதானுங்களே."

"உம்" என்றான்.

"அவரு அதையேதான் சொல்லிட்டுப் போனாருங்க. மூஞ்சியப் பாத்தாப் போதும்னு."

"உம்."

வைத்துவிட்டுத் திரும்பினான். சித்தப்பா வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். "யாருப்பா? சின்னவனா?"

"அவன் சம்சாரமுங்க. அழுவுது."

"சின்னவன் ராத்திரிதானே ஏறறான்?"

இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கணக்குத் தப்பிவிட்டதுங்க சித்தப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் அவனைத் தப்பாக நினைக்கப்போவதில்லை. ஐஸ் கம்பெனிக்கு மறுபடி ஆள் போகும், ஒரு ராத்திரி வைத்திருப்பார்கள், வியாழக்கிழமை பத்து மணிக்குத் தம்பி வந்து இறங்குவான். கூட்டம் அவனைச் சூழ்ந்துகொண்டு அழும். அவன் குடத்தைத் தூக்குவான். வெள்ளியங்கிரி பின்னால் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பான், எப்போதும் போல.

"ஆமாங்க" என்றான் வெள்ளியங்கிரி. "ராத்திரிதானுங்க ஏறறான்."

சித்தப்பா தலையாட்டிவிட்டுப் போனார். சமையற்கட்டு வாசலில் ராமாத்தாள் காப்பித் தம்ளரோடு நின்றிருந்தாள். கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"மதியா பேசுனா?"

"ஆமா."

"இந்நேரத்துக்கு முழிச்சிருக்கறாளா? அங்க நடுராத்திரியா இருக்குமேங்க."

அவன் காப்பியைக் குடித்தான். சூடு நாக்கைப் பொசுக்கியது. ராமாத்தாள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு காலித் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் கத்தியிருப்பான், கத்தியிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். கேட்காமல் விட்டதுதான் வம்பாயிற்று.

மத்தியானத்துக்கு மேல் வேலைகள் தானாக நடந்தன. பாடை கட்ட மூங்கில் வந்தது. சுடுகாட்டுக்கு எருவும் விறகும் போய்ச் சேர்ந்தன. அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை கொண்டுவந்தார்கள். வெள்ளியங்கிரி எல்லாவற்றுக்கும் நடுவில் நின்று பதில் சொன்னான். உள்ளுக்குள் மட்டும் அவன் தம்பியோடு பயணம் போய்க்கொண்டிருந்தான். நாலு மணிக்கு அம்மாவைக் குளிப்பாட்டத் தூக்கியபோது, இப்போது லண்டனில் இறங்கியிருப்பான் என்று நினைத்தான். அவ்வளவு சரியாக அவன் தம்பியைப் பற்றி அதுவரை நினைத்ததே இல்லை.

மஞ்சள் தண்ணீர் ஊற்றும்போது வாசலுக்கு மேலே இரைச்சலோடு ஒரு விமானம் தாழப் பறந்தது. சூலூர் ஏர்போர்ஸ் விமானம். தினம் நாலு தடவை போவதுதான். ஆனால் பெண்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்து, "உம்மவன் வாரானாத்தா, எந்திரிச்சுப் பாராத்தா" என்று மாரில் அடித்துக்கொண்டார்கள். வெள்ளியங்கிரி மேலே பார்க்கவில்லை. வேப்பமரத்தடியில் ஐஸ் கரைந்து, சாக்கைச் சுற்றி மண் சேறாகிக் கிடந்தது. ஒரு செங்கல் அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது. அந்தச் சேற்றை மிதித்துக்கொண்டுதான் எல்லோரும் போனார்கள் வந்தார்கள்.

கார்த்திகைக் கடைசி. பொழுது சீக்கிரம் விழுகிற நாள். ஐந்து மணிக்கே எடுத்துவிட்டார்கள்.

சுடுகாட்டில் நாவிதர் அவனைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்துத் தலையை மழித்தார். ஈரத் தலையில் காற்றுப் பட்டபோது அவனுக்கு முதல் தடவையாக அழுகை வந்தது. அது நிஜமான அழுகைதான், அதில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றினான். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஓட்டை போட்டார்கள். முதுகில் தண்ணீர் வழிந்தது. மூன்றாம் சுற்றில் குடத்தைப் பின்னால் போட்டு உடைத்தான். கையில் கொள்ளியைக் கொடுத்தார்கள்.

இதற்காகத்தான் காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். இந்த ஒரு நிமிஷமாவது அம்மா தனக்கு மட்டும் அம்மாவாக இருப்பாள் என்றுதான்.

சித்தப்பா பின்னால் வந்து அவன் தோளைத் தொட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "சின்னவன் பேரச் சொல்லிட்டு வெய்யி கண்ணு. அவ ஆசப்பட்டது அதுதான்."

வெள்ளியங்கிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைப் பின்னால் நீட்டி வைத்தான். உதடு அசைந்தது. என்ன பேரைச் சொன்னான் என்று யாருக்கும் கேட்கவில்லை. அவன் ஒரு பேரையும் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் விட்ட அந்தப் பேர்தான் வீட்டுக்குத் திரும்பி நடக்கிற வழியெல்லாம் அவன் கூடவே வந்தது. வைத்த கொள்ளிகூடத் தனக்குச் சொந்தமில்லை, வராதவனுக்குப் பதிலாள் வேலை பார்த்துவிட்டுப் போகிறோம் என்று தோன்றியது. கொள்ளி வைத்தால் ஆறும் என்று நினைத்த வயிற்றெரிச்சல் ஆறவே இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவன் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான். கொள்ளி வைத்தவன் கருமாதி முடிகிற வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பார்கள். வாசலில் படுத்திருந்தவர்கள் யாரும் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"போயிட்டு வாரேன்" என்றான்.

எங்கே என்று ராமாத்தாள் கேட்கவில்லை. கொடியில் காய்ந்த துண்டை எடுத்து அவனிடம் நீட்டினாள். "தலைய மூடிக்குங்க. பனியா இருக்குது."

அவன் துண்டைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தான். உள்ளூர் வாடகைக் காரை எடுத்தால் டிரைவர் ஊரெல்லாம் சொல்லிவிடுவான். சிங்காநல்லூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து சிட்ரா நிறுத்தத்துக்கு இன்னொன்று. விமான நிலையத்துக்கு வெளியே ஆட்களோடு ஆளாக நின்றான். யாரோ சொல்லித் தம்பிக்குத் தெரிவதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல் என்று நினைத்து வந்திருந்தான். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஒன்பதே முக்காலுக்குக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு கிருபாசங்கர் வெளியே வந்தான். கையில் ஒரு சின்னப் பை மட்டும்தான். சட்டை கசங்கி, கண் வீங்கி, ஒரே நாளில் பத்து வயது கூடினவன் மாதிரி இருந்தான். அண்ணனைப் பார்த்ததும் நடை நின்றுவிட்டது.

"நீங்க எதுக்குங்கண்ணா வந்தீங்க? அம்மாகிட்ட யாரு இருக்கறாங்க?"

வெள்ளியங்கிரி வாயைத் திறந்தான். "வா, போலாம்" என்று பையை வாங்கிக்கொண்டான்.

ஸ்டாண்டில் நின்ற ஒரு அம்பாசிடரில் ஏறினார்கள். டிரைவர் அந்தப் பக்கத்து ஆள் இல்லை. சூலூருக்கு வழி தெரியும், தோட்டத்து வீட்டுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். கார் ஹோப் காலேஜ் தாண்டும் வரை கிருபாசங்கர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பம்பாய்ல எறங்குனதும் மூணு தடவ போன் பண்ணுனேனுங்கண்ணா. மணி அடிச்சிட்டே இருந்துச்சு. யாரும் எடுக்கல."

"எல்லாரும் வெளிய இருந்திருப்போம் கண்ணு." அந்த மூன்று தடவையும் வெள்ளியங்கிரி போனுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தான்.

"தலைக்கு என்ன கட்டிட்டு இருக்கறீங்க? சளி புடிச்சிருக்குதுங்களா?"

"பனி."

"ஒடம்பப் பாத்துக்குங்கண்ணா. இந்த ஒரு வருசமா நீங்களும் அண்ணியும் தூங்கியிருக்க மாட்டீங்க." சொல்லிவிட்டு அவன் மறுபடி வெளியே பார்த்தான். சிங்காநல்லூர் வந்ததும் டிரைவரிடம், "ஒரு பூக்கடையில நிறுத்துங்க" என்றான். வெள்ளியங்கிரி வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பான்.

கடையில் இருந்ததிலேயே பெரிய ரோஜா மாலையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டான். அப்போதுதான் தண்ணீர் தெளித்து எடுத்த மாலை. கார் புறப்பட்டது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்கண்ணா" என்றான். "பிளேன்ல வாரப்ப பூரா அதையேதான் நெனச்சிட்டு வந்தேன். எனக்கு உங்க மேல சின்ன வயசுல இருந்தே பொறாமை. நீங்க அம்மாகூடவே இருந்தீங்க. கடைசித் தண்ணியும் உங்க கையிலதான் வாங்கிக் குடிச்சிருக்கும். நான் போன்ல கேட்டுக்கிட்டதோட செரி. அத்தன தூரத்துல இருந்துட்டு நான் என்னத்தக் கண்டேன்?"

வெள்ளியங்கிரி முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"கொள்ளி நீங்கதான் வெக்கோணும். சித்தப்பா வழக்கம் அது இதும்பாரு. நான் சொல்லிக்கறேன் அவருகிட்ட. நீங்க செஞ்சதுக்கு அதக்கூட நான் வந்து புடுங்கிக்கறதா? எனக்கு அது வேண்டாமுங்கண்ணா. எனக்கு ஒருக்கா மூஞ்சியப் பாத்தாப் போதும்."

ஒண்டிப்புதூர் கேட் தாண்டியது. பவர்லூம் கொட்டகைகளின் தடதடப்பு இரண்டு பக்கமும் கேட்கத் தொடங்கியது. வெள்ளியங்கிரி இரண்டு கையாலும் முண்டாசை அவிழ்த்தான். துண்டை மடித்துத் தொடை மேல் வைத்துக்கொண்டான்.

கிருபாசங்கர் இன்னும் ஏதோ சொல்ல வந்தவன் நிறுத்தினான். மழித்த தலையைப் பார்த்தான். அதில் இரண்டு இடத்தில் கத்தி பட்டு ரத்தம் உறைந்திருந்தது.

"எப்பங்கண்ணா?" என்றான்.

"நேத்து. பொழுது உழுவறதுக்கு முந்தி."

"நேத்து நான் லண்டன்ல இருந்தேன்."

"தெரியுங் கண்ணு" என்றான் வெள்ளியங்கிரி.

சூலூர் தாண்டி மண் ரோடு பிரிகிற இடத்தில் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். இடது பக்கம் திரும்பினால் வீடு. நேரே போனால் சுடுகாடு.

"எந்தப் பக்கமுங்க?" என்றார்.

மாலையிலிருந்து சொட்டிய தண்ணீரில் கிருபாசங்கரின் பேண்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. டிரைவர் கண்ணாடியில் இருவரையும் பார்த்தார். பிறகு வண்டியை ஒரு புளியமரத்தோரம் ஒதுக்கி, இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.